வாசல் தாண்டினால் இங்கிலீஷ்

அவளுக்கு ஊரறிய ஒரு பேர் இருந்தது. அதை யார் கூப்பிட்டார்கள்? கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டில் உப்பு கம்மி என்று வாய்தவறிச் சொன்ன புருஷனின் தட்டை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். “கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கே” என்று சிரித்தவர், அன்றிலிருந்து அவளை மூக்கி என்று கூப்பிட ஆரம்பித்தார். நல்ல மூக்குதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. “மூக்கீ” என்று கடைசியை இழுத்தால் டீ வேண்டும். வெட்டிக் கூப்பிட்டால் கண்ணாடியைக் காணோம். நாமும் அவளை மூக்கி என்றே சொல்லிவிடுவோம். கூப்பிட்டவருக்குத்தான் அது வாயில் வராமல் போய்விட்டது, நாமாவது கூப்பிடுவோமே.

அவர் வாத்தியார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு, சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். லாரி ஓட்டுகிறவன், ஓட்டல் அறைகளைப் பெருக்குகிறவள், கட்டடத்துக்குக் காவல் நிற்கிறவர் என்று வேலைவெட்டி உள்ள ஜனங்கள்தான் வருவார்கள். இலக்கணம் கிலக்கணம் எல்லாம் கிடையாது. தினமும் இரண்டு மூன்று சாதாரண வார்த்தை, அவ்வளவுதான். அர்த்தத்தைத் தமிழில் சொல்லமாட்டார், செய்து காட்டுவார். ‘எனஃப்’ என்ற வார்த்தைக்கு டம்ளரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். டம்ளர் நிரம்பி, மேஜை நனைந்து, எதிரே இருப்பவன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுக்கும்போது, அந்தக் கையைத் தொட்டு “எனஃப்” என்பார். பாடம் மனசில் பதிந்துவிடும். மேஜையைத் துடைப்பது மட்டும் மூக்கி.

வகுப்புக்கு இரண்டே சட்டம். ஒன்று, சொல்கிற வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். சிங்கம் காட்டில் வாழ்கிறது என்று எவனாவது ஆரம்பித்தால், “நீ பார்த்தியா?” என்று இங்கிலீஷில் கேட்பார். உன் வீட்டில் நடந்ததைச் சொல், உன் கண்ணால் பார்த்ததைச் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு. இன்னொன்று, வாசல் தாண்டினால் இங்கிலீஷ். உள்ளே வந்து ஒரு வார்த்தை தமிழ் பேசினாலும் எழுந்து போய் வாசப்படியில் உட்கார வேண்டியதுதான். மழை பெய்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது.

அந்த அறையில் தமிழ் பேச உரிமை உள்ள ஒரே ஆள் மூக்கி. ஆறு மணியானால் சமையலறைக் கதவில் வந்து நிற்பாள். “ஆறாச்சு, கடையை மூடுங்க. அவங்கவங்க வீட்டைப் பார்த்துப் போகட்டும்” என்பாள். பெஞ்சே சிரிக்கும். அவரும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

ஒருதடவை, ஒரே ஒருதடவை, அவளையும் பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னார். “வீட்டுல ஒரு ஆள் புரியாமப் பேசினாப் போதும், சாமி” என்று சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது வலது கை விழுந்திருந்தது. பேச்சும் சுத்தமாக இல்லை. கையைப் பற்றி மூக்கி அவ்வளவாகக் கவலைப்படவில்லை, சோறு ஊட்டத் தனக்குக் கை இருக்கிறதே என்று நினைத்தாள். பேச்சுக்குத்தான் கும்பிடாத சாமி இல்லை. சாமியும் கொடுத்தது. ஒருநாள் மத்தியானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் வாயைத் திறந்தார். இங்கிலீஷ்.

தமிழ் ஒரு பொட்டு இல்லை. பேசவும் வரவில்லை, பேசினால் புரியவும் இல்லை. தாய்ப்பாலோடு வந்த பாஷை போய்விட்டது, அப்புறம் படித்தது மட்டும் தங்கிவிட்டது.

“சில பேருக்கு இப்படி ஆகும்மா,” என்றார் டாக்டர். “அடிபட்ட இடம் அப்படி. முகமும் அவருக்குக் குழம்புது. என்ன பாஷை பேசுறாங்கன்றதை வச்சு, ஆள் எங்க நிக்கிறாங்கன்றதை வச்சுத்தான் யாருன்னு புரிஞ்சுக்கிறார்.”

“தமிழ் திரும்ப வருமா?”

“முழுசா வரும்னு சொல்லமாட்டேன். ரொம்பப் பழகின வார்த்தை ஒண்ணு ரெண்டு திடீர்னு வரலாம். வீட்டுல கூப்பிடுற பேரு மாதிரி ஏதாவது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை மூக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேறு ஒன்றும் வேண்டாம். அந்த மூன்றெழுத்து வந்தால் போதும். இழுத்தோ வெட்டியோ எப்படியாவது வரட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. அவள் தமிழில் பேசினால் அவர் முகம் மலர்ந்துவிடும். சமையலறைப் பக்கமிருந்து தமிழ் கேட்டதும் பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும், பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார். எல்லாம் இங்கிலீஷ். அவள் தலையாட்டுவாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்து, அவர் பேசி முடித்ததும் வாங்கி, “அப்பா என்னடி சொல்றாரு?” என்று கேட்பாள்.

“தோள் வலிக்குதாம்மா. உன் கை ஏன் சூடா இருக்குன்னு கேக்குறாரு.”

மூக்கி வேலை பார்ப்பது சலவைக்கடை இஸ்திரிப் பிரிவில். காலையிலிருந்து மத்தியானம் வரை காலர், தோள்பட்டை, கைமடிப்பு, முதுகு என்று வரிசையாகத் தேய்த்துக்கொண்டிருப்பவளின் கை சூடாகத்தான் இருக்கும். இதைக் கேட்க ஒரு மனுஷன், அதைச் சொல்ல இன்னொரு ஊரில் ஒரு மகள். சொந்தப் புருஷனோடு பேச நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது அவளுக்கு. போனை வைத்துவிட்டுப் போய்ச் சமையலறையில் நின்று அழுதாள்.

ஒருநாள் பழைய மாணவன் ஒருத்தன் பார்க்க வந்தான். லாரி ஓட்டுகிறவன், வகுப்பில் அவன் பேரே லாரிதான். அவன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினானோ இல்லையோ, வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கேட்டார், சொன்னார், திருத்தினார், சிரித்தார். சமையலறைக் கதவில் நின்று பார்த்த மூக்கிக்கு வயிறெரிந்தது. கட்டினவள் இங்கே ஊமை மாதிரி நிற்கிறாள், எவனோ ஒருத்தன் வந்து அவரைச் சிரிக்க வைக்கிறான்.

அவன் கிளம்பும்போது வாசலில் வைத்துக் கேட்டாள். “எனக்குச் சொல்லிக்கொடுக்கிறியா தம்பி?”

“நான் எதுக்கு அக்கா? அவர்கிட்டயே கத்துக்கங்க. பெஞ்சு சும்மாத்தானே கிடக்கு.”

நியாயம்தானே. மறுநாள் மத்தியானம் வேலையிலிருந்து வந்ததும், அதுவரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவை அனுப்பிவிட்டு, முகம் கழுவி, தலை வாரி, முன்வாசல் வழியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வாட்டர், பஸ், டென்ஷன், லேட் எல்லாம் அவளுக்குத் தெரியாததா என்ன? நாள் முழுக்க வாயில் புரளுகிறதுதான். கோர்க்கத்தான் வராது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

“டுடே மை ஹேண்ட் இஸ் ஹாட், சார்.”

அவர் முகத்தைப் பார்க்கணுமே. கண்ணில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. “வெரி குட்,” என்றார். “வெரி, வெரி குட்.”

அன்றைக்கு மூக்கியைக் கையில் பிடிக்க முடியவில்லை. மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள். இஸ்திரி போடும்போது சட்டையைப் பார்த்து இங்கிலீஷ் பேசினாள். அக்கம்பக்கத்து மேஜைக்காரிகள் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தினமும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. ‘ஆல்மோஸ்ட்’ என்பதற்கு அவர் கதவைக் கொஞ்சூண்டு இடைவெளி விட்டுச் சாத்திக் காட்டினார். ‘அகெய்ன்’ என்பதற்கு, இப்போது ஊன்றி நடக்கிற தடியைக் கீழே போட்டு எடுத்தார், மறுபடி போட்டார், அவளையே எடுக்க வைத்தார். இன்னும் கொஞ்ச நாள், நடுவில் யாரும் இல்லாமல் நானும் அவரும் பேசிக்கொள்வோம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை அவள் கவனிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவர் ஒருதடவைகூட அவள் கையைப் பிடிக்கவில்லை.

ஒருநாள் பாடத்தின் நடுவே டீயைக் கொண்டுவரலாம் என்று எழுந்து, “டீ இஸ் ரெடி, ஐ வில் பிரிங்” என்று சொல்லிச் சமையலறைப் பக்கம் போனாள். தடியைக் குறுக்கே நீட்டிவிட்டார். மாணவர்கள் உள்ளே போகக்கூடாது, அது என் மனைவியின் இடம் என்று மரியாதையாக இங்கிலீஷில் சொன்னார். மூக்கிக்கு ஒன்றும் ஓடவில்லை. “என்னங்க, நான்தாங்க” என்றாள். தமிழ். தடி அப்படியே வாசல் பக்கம் திரும்பியது. சட்டம் சட்டம்தான். அவள் போய் வாசப்படியில் உட்கார்ந்தாள். 

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இங்கிலீஷ் பேசினால் மாணவி. தமிழ் பேசிக்கொண்டு சமையலறைப் பக்கமிருந்து வந்தால் பெண்டாட்டி. அத்தனை வருஷம் அந்த அறையில் அவர் போட்ட சட்டம்தான் இப்போது அவரிடம் மிச்சம் இருந்தது. ஆளைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை, சட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. என்ன கொடுமை இது? அவருக்குப் புரிகிற மாதிரி பேசினால் அவள் யாரோ. அவருக்கு உரியவளாக இருந்தால் அவள் பேசுவது அவருக்குப் புரியாது.

அவ்வளவு சுலபத்தில் விடுகிறவளா மூக்கி? மறுநாள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சலவைக்கடையில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

“சார். ஐ ஆம் யுவர் ஒய்ஃப்.”

அவர் திடுக்கிடவில்லை, கோபப்படவும் இல்லை. தலையைச் சாய்த்து யோசித்தார். வாக்கியம் சரி, ஒரு பிழையும் இல்லை என்றார். ஆனால் என் வகுப்பில் உண்மையான வாக்கியம்தான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்லுங்கள் என்றார். “சே, ஐ ஆம் எ ஒய்ஃப்.”

“ஐ ஆம் எ ஒய்ஃப்,” என்றாள் மூக்கி.

“குட்.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது, நான் ஒருதடவை கேட்டேன், அவள் சிரித்துவிட்டாள், அப்புறம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது என்றார். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அதோடு விட்டிருக்கலாம், வேறு யாராவதாக இருந்தால் விட்டிருப்பார்கள். அவள் விடவில்லை. பெஞ்சை விட்டால் அவருக்குப் புரிகிற மாதிரி பேசவே முடியாது, சமையலறையை விட்டால் அவர் கையைப் பிடிக்கவே முடியாது. அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டாள். மத்தியானம் செருப்புப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வருவாள், “மே ஐ கம் இன், சார்?” பாடம் முடிந்ததும் அதே வாசல் வழியாக வெளியே போய், வீட்டை ஒட்டின சந்தில் சுற்றி, பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து, கதவில் நின்று, “ஆறாச்சு, கடையை மூடுங்க” என்பாள். அவர் கையை நீட்டுவார். சந்தில் சைக்கிள் துடைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஒருமாதிரியாகப் பார்த்தார். அப்புறம் அவரே சைக்கிளை நகர்த்தி வழிவிடப் பழகிக்கொண்டார்.

ஒருநாள் இரண்டு வார்த்தைக்குப் பாடம் நடந்தது. ‘அலோன்’, ‘லோன்லி’. முதலாவதற்கு அவர் மேஜையில் ஒரு டம்ளரை வைத்தார். ஒரு ஆள், ஒரு டம்ளர், குடித்துவிட்டு அவன்பாட்டுக்குப் போவான், அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அடுத்ததற்கு இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றை எடுத்துக் குடித்தார். இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து அதைத் தொட்டு, “லோன்லி,” என்றார்.

மூக்கி புரிந்தது என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் உடைந்துவிடுவாள்.

அன்று சாயங்காலம் பின்கதவு வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் வழக்கம்போல அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். புதிதாக ஒரு மாணவி வருகிறாள், பாவம் என்றார். மெதுவாகத்தான் வருகிறது அவளுக்கு, ஆனால் ஒருநாளும் தவறுவதில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை போலிருக்கிறது, ஷி இஸ் லோன்லி. நாளைக்கு அவளுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் டீ போடுகிறாயா என்று கேட்டார். பெண்டாட்டிக்குப் புரியாது என்று தெரிந்தும் கேட்டார், எப்போதும் இப்படித்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“போடுறேங்க,” என்றாள் மூக்கி. “அவளுக்கும் போடுறேன். நீங்க சொன்னா நான் என்னிக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கேன்? பெஞ்சுல வந்து உட்காருன்னு சொன்னப்பதான் சிரிச்சுட்டேன். அதுக்கு இப்படியா?” அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுடைய குரல் கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் இரண்டு டம்ளர் டீ போட்டு மேஜையில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லி, இடது கையால் ஒரு டம்ளரை அவள் பக்கம் தள்ளினார். என் மனைவி உங்களுக்காகப் போட்டது என்றார். அவள் போட்ட டீயை அவளே குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, அவருக்குப் பிடித்த அளவு.

நேற்றைய வார்த்தை என்றார் அவர், இங்கிலீஷில். அதை வைத்து உண்மையான வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் என்றார்.

மூக்கி டம்ளரை வைத்தாள். யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

“யுவர் ஒய்ஃப் இஸ் லோன்லி, சார்.”

அவர் அவளைப் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை, நீ பார்த்தியா என்றும் கேட்கவில்லை. அவர் முகம் மெல்ல மெல்லக் கலங்கியது. “எஸ்,” என்றார். “எஸ். இட் இஸ் ட்ரூ.” தடியை ஊன்றிப் பாதி எழுந்தார். கழுத்தைத் திருப்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தார். யாரும் இல்லாத அந்தக் கதவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“மூக்கீ.”

கடைசியை இழுத்து, அதே தினுசில்.

 இத்தனை நாள் எதற்காகக் கிடந்தாளோ அது ஒரு கை தூரத்தில் நடக்கிறது, ஆனால் அவளைப் பார்த்து இல்லை. இங்கிருந்து “என்னங்க” என்றால் தடி வாசலைக் காட்டும். குறுக்கே ஓடினால் தடுத்துவிடுவார், தடுக்கிற பதற்றத்தில் அந்த வார்த்தையே போய்விட்டால்? எழுந்தாள். முன்வாசல் வழியாக ஓடினாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது. சந்தில் சைக்கிள் குறுக்கே நின்றது, அதை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாக இன்னொருதடவை கேட்டது. “மூக்கீ.” இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று முணங்கிக்கொண்டே பின்கதவைத் திறந்து, அடுப்பைத் தாண்டி, சமையலறைக் கதவில் வந்து நின்றாள்.

“வந்துட்டேங்க. என்னங்க? கூப்பிட்டீங்களே.”

அவர் முகம் மலர்ந்தது. கையை நீட்டினார். அந்த மாணவி ஓடிப்போய்விட்டாள், நான் பயமுறுத்திவிட்டேனோ என்று இங்கிலீஷில் சொன்னார்.

“அவளை விடுங்க. இன்னொரு தடவை கூப்பிடுங்க,” என்றாள் மூக்கி. அவர் காலடியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. “என்னைப் பார்த்துக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை.”

அவர் அவள் வாயையே பார்த்தார். அவருக்கு உதவ வேண்டும் என்று இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். “மூ” என்று எடுத்துக்கொடுத்தாள். மறுபடியும் தொட்டாள்.

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார். இடது கையால் அவள் மூக்கை மெதுவாகத் தொட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

“நோஸ்.”

“ஆமாங்க,” என்றாள் மூக்கி. “மூக்குதான்.”